இளையவர் முதலில் சொல்ல வேண்டும்

கெய்ரோ, மானியல்
12 பிப்ரவரி 2019

மகள் சஃபினாஸுக்கு,

இரண்டு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். எடுத்தாலும் இதைப் போனில் பேச முடியாது. நம் பேச்சை நம்மைவிடக் கவனமாகக் கேட்கிறவர்கள் ஊரில் அதிகமாகிவிட்டார்கள். உன் தம்பி தாரிக் வாரம் தவறாமல் அலெக்ஸாண்ட்ரியா அமர்வில் நீதிபதியாக உட்கார வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனிடம் சண்டை போடாதே, அவன் வெறும் தபால்காரன்.

அரசியல் சட்டத்தைத் திருத்தப் போகும் செய்தியைப் பார்த்திருப்பாய். ஜனாதிபதியின் பதவிக்காலம் எத்தனை வருஷம் நீளும் என்பதைப் பற்றியே ஊர் முழுக்கப் பேச்சு. நீதிமன்றங்களின் தலையில் விழும் பத்திகளை ஒருவரும் படிக்கவில்லை. நான் பதினோரு தடவை படித்தேன். அரசின் மேலேயே வழக்கு விசாரிக்கும் எங்கள் மன்றத்தின் தலைவரை இனி நாங்கள் முடிவு செய்ய மாட்டோம். மூப்பில் முதல் ஏழு பேரில் ஒருவரை ஜனாதிபதி எடுத்துக்கொள்வார். எல்லா நீதிமன்றங்களுக்கும் மேலே ஒரு சபை வருகிறது, அதற்கும் அவர்தான் தலைவர். அரசு கொண்டுவரும் சட்ட வரைவுகளை எங்களிடம் காட்டியே ஆக வேண்டும் என்று இருந்ததே, அதுவும் போயிற்று. அவர்களாக அனுப்பினால் பார்க்கலாம், இல்லையென்றால் காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.

என் நிலைமை உனக்குத் தெரியும். நாற்பத்து நான்கு வருஷ வேலை. மூப்புப் பட்டியல் என்று வருஷா வருஷம் அச்சாகும் அந்தப் பச்சைப் புத்தகத்தில் என் எண் நானூற்றுச் சொச்சத்தில் தொடங்கி இன்று இரண்டில் நிற்கிறது. ஜூன் 30 அன்று தலைவர் ஓய்வு பெறுகிறார். மறுநாள் அந்த நாற்காலி எனக்கு. யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் கும்பிடு போடவில்லை, வரிசையில் நின்றேன். இப்போது வரிசையையே கலைக்கிறார்கள்! உன் அம்மா, “பிரஷர் ஏறிடுச்சு, உப்பு வேணாம்”னு ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்துவிட்டாள். வீட்டிலும் எனக்கு அதிகாரம் இல்லை.

பாராளுமன்றத்துக்கு ஓர் ஆட்சேப மனு எழுதியிருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. தீர்ப்பு எழுதும் கை, மனு எழுதினால் இழுத்துக்கொண்டே போகிறது. நீ அரசு வழக்குத் துறையில் தினமும் மனு எழுதுகிறவள், சுருக்கிக் கொடு. ஒரு பத்தியில் மட்டும் கைவைக்காதே. நீதிபதிகள் கதவை மூடிக்கொண்டு கலந்து பேசும்போது இளையவரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே, அந்தப் பத்தி. பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் சின்னவர் தலையாட்டிவிடுவார். எங்கள் சுதந்திரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அப்பா
ராகிப்


அலெக்ஸாண்ட்ரியா
16 பிப்ரவரி 2019

அப்பா,

பதினான்கு பக்கத்தை மூன்றாக்கியிருக்கிறேன். உங்களுக்குக் கண் கலங்கிய பத்தியை விட்டுவைத்தேன். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் அதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். “எங்க அமர்வுல சின்னவரைத்தான் முதல்ல கேப்போம்” என்பீர்கள். சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்து உங்களுக்குப் பிடித்த சேனலைப் போடுவீர்கள்.

மனு நியாயம்தான். ஆட்சி செய்கிறவரை விசாரிக்க வேண்டிய நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அவரே முடிவு செய்யக்கூடாது. இதை எழுதும்போது எனக்கும் கோபம் வந்தது. ஆனால் ஒரு வரியில் பேனா நின்றுவிட்டது. ‘தன் வீட்டுக் காரியங்களைத் தானே தீர்மானிக்கும் தகுதி, நீதிபதிகள் எல்லோரும் கூடும் எங்கள் பொதுப்பேரவைக்கு மட்டுமே உண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பேரவைதானே அப்பா என்னை வேண்டாம் என்றது? ஒன்பது வருஷம் ஆகிறது. சட்டக் கல்லூரியில் அந்த வருஷம் மூன்றாவதாக வந்தவள் நான். ‘மிக நன்று’ என்று தரம். பெண்கள் நீதிபதியாகலாமா என்று கேட்டு நீங்கள் எல்லோரும் மண்டபத்தில் கை தூக்கினீர்கள். முந்நூற்றுச் சொச்சம் கைகள் ‘கூடாது’ என்றன. நாலு வருஷம் கழித்துத் தாரிக் வெறும் ‘நன்று’ வாங்கிக்கொண்டு வந்தான், நீங்கள் எல்லோரும் வாசலிலேயே அணைத்து நீதிபதியாக்கிக்கொண்டீர்கள். அவன் நல்லவன், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூட எனக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஃபூல் வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்று உங்கள் கை எங்கே இருந்தது? நான் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன். பதில் சொல்லிவிட்டு அந்த வரியை எழுதுங்கள்.

சஃபி


கெய்ரோ
3 மார்ச் 2019

சஃபி,

மனு பிரமாதம். பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் கையெழுத்து வாங்கப் போனேனே, அந்தக் கூத்தைக் கேள். அறை அறையாக நானே நடந்தேன். ஒருவர், “ராகிப் பாஷா, உங்க பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? வர்ற வாரம் போடறேன், இப்ப பல்வலி” என்றார். கையெழுத்தைப் பல்லாலா போடுவார்கள்? இன்னொருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டாராம். மூன்றாமவர் கதவைச் சாத்திவிட்டு, “என் பையன் இந்த வருஷம் நீதிபதியா உள்ளே வரணும் பாஷா, புரிஞ்சுக்கோங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாலாம் எண் லுத்ஃபி முழுசாகப் படித்துவிட்டு, “அழகா எழுதியிருக்கு, யார் எழுதினது?” என்று மட்டும் கேட்டார். என் மகள் என்றேன். அவரும் போடவில்லை.

மொத்தம் ஒன்பது கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இருந்தாலும் அனுப்பிவிட்டேன்.

நீ கேட்டதைப் பற்றி. அன்று மண்டபத்தில் நெருக்கியடித்த கூட்டம். யார் கை எங்கே என்று யாருக்குத் தெரியும்? என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று அப்போதே சொன்னேனே. பழையதைக் கிளறாதே. இப்போது வீடு பற்றி எரிகிறது, திண்டாடுகிறேன்.

அப்பா


அலெக்ஸாண்ட்ரியா
24 ஏப்ரல் 2019

அப்பா,

வாக்களித்தேன். பள்ளிக்கூட வாசலில் ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மா, “எதுக்கும்மா இந்தத் தேர்தல்?” என்று கேட்டாள். அரசியல் சட்டம் என்றேன். “அதுல என்ன வருது?” என்றாள். நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் வருகிறது என்றேன். “நீதிபதிங்க என்னைக்கு என்னைக் கேட்டுகிட்டு வந்தாங்க?” என்று சிரித்துவிட்டு, வெங்காய விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவளிடம் உங்கள் மூன்று பக்க மனுவை எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

நான் ‘கூடாது’ என்று குறித்தேன். உங்களுக்காக மட்டும் இல்லை, அது தப்பு என்பதால். விரலில் மை இன்னும் போகவில்லை.

எவ்வளவு நெருக்கியடித்த கூட்டத்திலும் என் கை எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும் அப்பா. உங்களுக்கும் தெரியும்.

சஃபி


கெய்ரோ
4 ஜூலை 2019

சஃபினாஸ்,

முடிந்தது. லுத்ஃபியை எடுத்துக்கொண்டார்கள். என்னையும் மூன்றாம் எண்ணையும் தாண்டி நாலு. பொதுப்பேரவையைக் கூட்டவே இல்லை. காலையில் ஒரு காகிதம் வந்தது, மத்தியானம் ஷர்பத் கொடுத்தார்கள். மாம்பழ ஷர்பத். குடித்தேன்.

அதற்கு முன்னால் ஒரு அவமானம் நடந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எங்களில் மூத்தவர்தான் கதவில் முதலில் நுழைய வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நாற்பத்து நான்கு வருஷம் யாருக்கு முன்னால் நடக்கலாம், யாருக்குப் பின்னால் என்று கால்களே தெரிந்துவைத்திருக்கின்றன. போன தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், பட்டியலில் நான் ஒன்று. மண்டபக் கதவைத் திறந்ததும் கால் தானாக உள்ளே வைத்துவிட்டது. பின்னால் லுத்ஃபி. வரவேற்பு அதிகாரி ஒருவன் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து, “பாஷா, தயவுசெஞ்சு கொஞ்சம் பின்னாடி” என்றான். இருநூறு பேர் பார்த்தார்கள். லுத்ஃபி முகம் சிவந்து, “இல்ல, அவரே போகட்டும், அவர்தான் பெரியவர்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நான் பின்னால் போய் நின்றேன்.

உன் அம்மா, “ராஸ் எல்-பர் போவோம், மீன் சாப்பிடுவோம், நாலு நாள் கடலைப் பாத்துட்டு உட்காருங்க” என்கிறாள். நான் கடலைப் பார்த்து என்ன செய்ய? மனு போடப் போகிறேன். எங்கள் மன்றத்திலேயே, அரசுக்கு எதிராக. பேரவையைக் கூட்டாமல், அதன் சம்மதம் இல்லாமல் போட்ட எந்த நியமனமும் செல்லாது. இதுதான் என் ஒரே வாதம். ஏழு பேரில் ஒருவரை எடுக்கலாம் என்று புதிய பத்தி சொல்கிறது, பேரவையைக் கேட்காதே என்று எங்கும் சொல்லவில்லை.

வரைவை அனுப்பினால் பார்ப்பாயா?

அப்பா

(பின்குறிப்பு: உன் துறைதான் எனக்கு எதிராக வாதாடும் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன்.)


அலெக்ஸாண்ட்ரியா
8 அக்டோபர் 2021

அப்பா,

தாரிக் சொல்லியிருப்பான், என்றாலும் நானும் சொல்ல வேண்டும். பெண்களை உங்கள் மன்றத்தில் நீதிபதிகளாக எடுக்கும்படி ஜனாதிபதி ஆணை போட்டுவிட்டார். தொண்ணூற்றுச் சொச்சம் பேர். பட்டியலில் நானும் இருக்கிறேன். அலுவலகத்தில் போன் வந்தது. “மேடம், வாழ்த்துகள், ஆணையில உங்க பேரு இருக்கு!” என்றான் யாரோ ஒரு பையன். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் ரம்ல் டிராம் நிலையத்திலிருந்து கடலோரமாக நடந்தேன், ஸ்டான்லி வரை. சந்தோஷமா, கோபமா, ஒன்றும் விளங்கவில்லை. செருப்பு கடித்தது, அது மட்டும் தெரிந்தது.

உங்கள் பேரவையைக் கூட்டவில்லை. உங்களைத் தாண்டிப் போன அதே கைதான் என்னை உள்ளே இழுக்கிறது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தகுதிக்காகக் கிடைத்திருக்க வேண்டியது, இப்போது ஒருவரின் மனசு குளிர்ந்ததால் கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம். மூன்று நாள் அதைத்தான் ஒத்திகை பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று. சொன்னால் என் இடத்தில் வேறொருத்தி உட்காருவாள், அவ்வளவுதான். உங்கள் பேரவை எனக்கு மாலை போட்டுக் கூப்பிடும் என்று காத்திருந்தால் எனக்கும் ஓய்வு வயது வந்துவிடும்.

ஏற்றுக்கொள்கிறேன் அப்பா. 19-ம் தேதி பதவியேற்பு. பச்சைப் புத்தகத்தில் கடைசிப் பெயர்களில் ஒன்றாக இருப்பேன்.

வாருங்கள். உங்கள் வழக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. என் கையில் குர்ஆன் இருக்கும்போது பின்வரிசையில் நீங்கள் இருந்தால் போதும்.

சஃபி


கெய்ரோ
11 ஜனவரி 2022

என் சஃபிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நியாயம்தான். உன் பதவியேற்பன்று நான் மண்டபத்துக்குள் வரவில்லை. ஆனால் வந்தேன். எதிர்ப் பக்கம் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கறுப்பு கோட்டில் நீ பஸ்ஸிலிருந்து இறங்கினாய், தோளில் நீதிபதிப் பட்டை நழுவிக்கொண்டே இருந்தது, இரண்டு தடவை சரிசெய்தாய். நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது, என் பட்டை அலமாரியில் இருக்கிறது. கதவைத் திறக்கக் கை போயிற்று, திறக்கவில்லை. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

போன செவ்வாய் என் வழக்கு. இரண்டரை வருஷம் வாய்தா மேல் வாய்தா வாங்கிய அரசுத் தரப்பு அன்று திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டது. உன் பழைய துறைக்காரர்தான் எழுந்தார். “பேரவையைக் கேக்காம போட்ட நியமனம் எதுவுமே செல்லாதுங்கிறார் மனுதாரர். அப்ப போன அக்டோபர்ல பதவியேத்த அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுல மனுதாரரோட சொந்த மகளும் ஒருத்தங்க. அதையும் சேர்த்துத்தான் கேக்கறாரான்னு தெரிஞ்சுக்கலாமா?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அமர்வின் தலைவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே இருந்தவர். என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “யோசிச்சுச் சொல்லுங்க பாஷா, பிப்ரவரி ஒண்ணாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. வாபஸ் வாங்கறதா இருந்தாலும் சரி” என்றார்.

எனக்கு இனி அந்த நாற்காலி கிடைக்காது, வயது தாண்டிவிட்டது. ஜெயிப்பேன் என்று ஒருவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறதே, அந்த ஒன்று உன்னை வெளியே தள்ளும். விட்டுவிட்டால், பேரவையைக் கேட்கவே வேண்டாம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு வாரமாக மானியல் பாலத்தில் மேலும் கீழும் நடக்கிறேன். பாலத்துச் சோளக்காரன், “பாஷா, யாரையாவது தேடறீங்களா?” என்று கேட்கிறான்.

நீ கேட்டதற்குப் பதில். என் கை மேலேதான் இருந்தது சஃபி.

கலந்து பேசுவதென்றால் கீழிருந்து மேலே கேட்க வேண்டும். அன்று மேலிருந்து ஆரம்பித்தார்கள். ‘பெண்கள் கூடாது என்பவர்கள்’ என்று கேட்டுவிட்டுத் தலைவரே முதலில் கையைத் தூக்கினார். பிறகு இரண்டு, மூன்று என்று மூப்பு வரிசையில் ஏறிக்கொண்டே வந்தது. என் எண் அப்போது அறுபத்தொன்று. அறுபது தூக்கினார், நானும் தூக்கினேன். உன் முகம் நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். வந்தது. தூக்கினேன். வெளியூர் அமர்வு, விடுதி, ஆண்கள் நடுவே தங்குவது, அவளுக்குக் கஷ்டம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து மொலோகியாக் கீரையும் சோறும் சாப்பிட்டேன். நீ போன் பண்ணினாய், முடிந்ததைச் செய்தேன் என்றேன். என்னை மன்னிக்கும்படி கேட்க வாய் வரவில்லை.

அமர்வு அறையில் வாழ்நாள் முழுக்க இளையவரை முதலில் கேட்டேன், வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நம் இருவரில் நீதான் இளையவள். வாபஸ் வாங்கவா, வேண்டாமா? நான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல மாட்டேன். நீ முதலில் சொல்.

அப்பா


அலெக்ஸாண்ட்ரியா
20 ஜனவரி 2022

அப்பா,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து எடுத்து ஒட்டினேன். இரண்டு நாளாக மழை, ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எனக்குத் தெரியும் அப்பா. பதினோரு வருஷமாகத் தெரியும். பொய் சொல்லும்போது மூக்கை உறிஞ்சுவீர்கள். அன்று போனில் ‘முடிந்ததைச் செய்தேன்’ என்று சொல்வதற்குள் மூன்று தடவை உறிஞ்சினீர்கள். நீங்களாகச் சொல்வீர்கள் என்றுதான் காத்திருந்தேன். இவ்வளவு நேரமா எடுத்துக்கொள்வது? உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது உடனே போகாது. நீங்கள் காரில் உட்கார்ந்திருந்த பத்தியைப் படித்து அழுதேன், அதுவும் உண்மை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பேர் சொல்ல மாட்டேன். ஒரு பள்ளி ஆசிரியரை அதிகாரி ஒருவர் கோபத்தில் பாலைவனத்துப் பக்கம் தூக்கியடித்துவிட்டார். அவர் தொடுத்த வழக்கு. நாங்கள் மூன்று பேர் கதவை மூடிக்கொண்டோம். தலைவர் என் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்கதான் சின்னவங்க, சொல்லுங்க” என்றார். மாற்றல் ஆணை செல்லாது, அதில் காரணமே எழுதவில்லை என்றேன். வலதுபக்கத்துக்காரர், “நான் தள்ளுபடின்னு சொல்ல இருந்தேன்” என்று கோப்பைத் திரும்பப் புரட்டினார். ஒரு மணி நேரம் புரட்டினார். ஆணை ரத்தாயிற்று. அன்று ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன், ஓட்டுகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருக்கிறது அப்பா. ரொம்பப் பிடித்திருக்கிறது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என் அபிப்பிராயம். வாபஸ் வாங்காதீர்கள்.

என்னைக் காட்டி உங்கள் வாயை அடைக்கிறார்கள். நாளைக்கு உங்களைக் காட்டி என் வாயை அடைப்பார்கள். இன்று ஒரு காகிதத்தால் என்னை உட்கார வைத்தவர்கள், பிடிக்காத தீர்ப்பு ஒன்று எழுதினால் இன்னொரு காகிதத்தால் எழுப்பிவிடுவார்கள். பேரவையைக் கூட்ட வேண்டும் என்பது சரியான வாதம். என் அப்பா தப்பாகக் கை தூக்கிய பேரவை என்பதால் அது தப்பான வாதமாகிவிடாது. ஒன்றாம் தேதி எழுந்து நின்று, “ஆமாம், என் மகளையும் சேர்த்துத்தான் கேக்கறேன்” என்று சொல்லுங்கள். மூக்கை உறிஞ்சாமல் சொல்லுங்கள்.

ஜெயித்துவிட்டால் நான் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாளே மறுபடி விண்ணப்பம் போடுவேன். பேரவையைக் கூட்டியே ஆக வேண்டும். மறுபடி கைகள் ஏறும், எண் ஒன்றிலிருந்து. உங்களுக்கு இப்போது அங்கே வாக்கு இல்லை. அதனால் மண்டபக் கதவருகே நில்லுங்கள். உங்களை யாரும் முழங்கையைப் பிடித்து நகர்த்த முடியாத இடத்தில் நில்லுங்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், லுத்ஃபியிலிருந்து நம் தாரிக் வரைக்கும், அன்றைக்கு உங்கள் கை எங்கே இருந்தது என்று சொல்லுங்கள்.

இளையவள் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

சஃபினாஸ்